வரப்பில் ஏழு வெண்டை

செப். 28, ஞாயிறு

வெயில். இலை அசையவில்லை. மாவு தீர்ந்துவிட்டது, சர்ச்சுக்குப் போய்வந்து உப்புமா. யாரும் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும்.

ஆராதனை முடிந்து உபதேசியார் (பாஸ்டருக்கு அடுத்த சபை ஊழியர்) அறிவிப்பு. நவம்பர் 23 அறுப்பின் பண்டிகை, அவரவர் நிலத்து விளைச்சலைப் பீடத்தின் முன் கொண்டுவந்து வைக்கலாம். வருஷா வருஷம் காதில் விழுகிறதுதான். இன்றைக்குத் தேதியைப் பைபிள் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

காரணத்தை இங்கே எழுதிக்கொள்கிறேன், வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். பண்டிகை அன்று உபதேசியார் ஒரு பட்டியல் வாசிப்பார். இன்னார் குடும்பம், நெல் ஒரு மூட்டை. இன்னார் குடும்பம், வாழைத்தார். நிலம் உள்ளவர்கள் பெயர் ஒவ்வொன்றாக வரும். நிலம் இல்லாத நாங்கள் கடையில் வாங்கிய தேங்காயை வைப்போம், இல்லாவிட்டால் காணிக்கைக் கவர். எங்களுக்குப் பட்டியலில் தனி வரி கிடையாது. கடைசியில் ஒரே மூச்சில் எல்லோரையும் சேர்த்து "மற்றும் சபையார்" என்பார். என் அப்பா அம்மா நட்டு அறுத்த நெல்லும் அந்த மூட்டைகளில் இருந்திருக்கும். வாசிக்கிற பெயர் வேறு. நாற்பத்து நாலு வருஷமாக நான் மற்றும் சபையார்.

இப்போது எங்களுக்கும் மண் இருக்கிறது. பாபநாசத்துக்குப் பக்கத்தில் வயலாக இருந்து மனையான இடம், ஐந்து சென்ட். வீடு போக முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம். கொஞ்சம்தான். ஆனால் பட்டாவில் என் பெயர்.

முடிவு: முன்பக்கம் பூ. பின்பக்கம் காய். நவம்பர் 23 அன்று என் மண்ணில் விளைந்த ஏதாவது ஒன்று பீடத்தின் முன். என் வீட்டுப் பெயர் வாசிக்கப்படணும். அவ்வளவுதான் ஆசை.

அக். 2, வியாழன்

லீவு. காலை ஆறு மணிக்கே மண்வெட்டி. வீட்டுக்காரர் அருள் ரைஸ் மில்லில் ஃபிட்டர், மெஷின் என்றால் பிரித்து மேய்வார், மண் என்றால் என்னைப் பார்ப்பார். இன்று நான் மேஸ்திரி, அவர் ஆள்.

கொத்தியது, கட்டி உடைத்தது, தண்ணீர் விட்டுச் சமம் பார்த்தது. பழைய கதவுப் பலகையில் கயிறு கட்டி இழுத்தோம், பரம்பு அடிக்கிற மாதிரி. சுற்றிலும் முழங்கால் உயரம் வரப்பு. மிதித்து, மெழுகி, ஓரம் பிடித்து. மத்தியானம் நின்று பார்த்தால் மேடு பள்ளம் ஒரு விரல் கிடையாது. இருபத்தைந்து வருஷமாக ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற கை இது. வரப்பு மறக்கவில்லை.

பக்கத்து வயல்காரர் கலியமூர்த்தி அண்ணன் (இனி க.மூ.) சைக்கிளை நிறுத்தி ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, சம்பாவா?"

"தோட்டம்ணே."

"ஓகோ. நாத்து வேணும்னா கேளு, எங்கிட்ட மிச்சம் கிடக்கு."

நல்ல மனுஷன், வேலையைப் பாராட்டிவிட்டுப் போனார் என்று இவரிடம் சொன்னேன். இவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

பின்பக்கம் வெண்டை மூன்று வரிசை ஊன்றினேன். விதை கொஞ்சம் மிச்சம். வீணாக்குவானேன் என்று வரப்பு மேலேயே அங்கங்கே ஊன்றிவிட்டேன். வரப்பைக் கண்டால் நாலு விதை ஊன்றுவது எங்கள் ஆட்களுக்குக் கை தானாகச் செய்கிற வேலை.

முதுகு போயே போச்சு. சந்தோஷம்.

அக். 4, சனி

வெயில், புழுக்கம். நர்சரி.

ஷைனி (மகள், திருச்சியில் இரண்டாம் வருஷம்) நேற்று போனில் ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தாள். "பின்னாடி உயரம், நடுவுல நடுத்தரம், முன்னாடி குட்டைம்மா. கலர் மூணுக்கு மேல போகக் கூடாது. நடுவுல புல்வெளி." புல்வெளி வேண்டாம் என்றேன். உங்கள் அம்மாச்சி ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் புல் பிடுங்கினாள், நான் காசு கொடுத்துப் புல் வைக்கிறதா என்று கேட்டேன். சிரித்துவிட்டாள்.

நர்சரி நடத்துகிறவர் பாத்திமா அக்கா (பா.அ.), நாகூர்ப் பக்கம் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். என்னை லேப்பம்மா என்பார். எதைக் கேட்டாலும் முதலில் "வேணாம்" என்பார், பிறகு தருவார்.

வாங்கியது:
பன்னீர் ரோஜா 4
செம்பருத்தி 2 (அடுக்கு 1, ஒற்றை 1)
நந்தியாவட்டை 1
இட்லிப்பூ 6, வழி ஓரத்துக்கு
முல்லை 2
காகிதப்பூ 1, கேட்டுக்கு. ஷைனிக்காக.
எலுமிச்சை 1, கொய்யா 1
கறிவேப்பிலை 1

தென்னங்கன்று வாங்கவில்லை. இவருக்கு முகம் விழுந்துவிட்டது. சுவரை ஒட்டித் தென்னை வைத்தால் காய் நம் தலையில், மட்டை மாடியின் மேல் என்று பா.அ. சொன்னார், நான் இல்லை.

"எடம் எப்பிடி லேப்பம்மா? தண்ணி நிக்காதுல்ல?"

"மண்ணு நம்ம வயல் மண்ணுக்கா. பொன்னு."

கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. அதற்குள் வேறு ஆள் வந்து பா.அ. அந்தப் பக்கம் போய்விட்டார். ஆட்டோவில் செடிகளோடு நானும் ஒரு செடியாக உட்கார்ந்து வந்தேன். வழியெல்லாம் ரோஜா முள் முழங்கையில். கவலையே இல்லை.

அக். 11, சனி

எல்லாம் நட்டாயிற்று. பின்னால் உயரம், முன்னால் குட்டை, ஷைனி சொன்னபடி. காலையில் பல் துலக்கிக்கொண்டே ஒரு சுற்று, வேலைக்குக் கிளம்பும்போது ஒரு சுற்று, வந்ததும் செருப்பைக் கழற்றாமல் ஒரு சுற்று. இவர்: "புருசனுக்குக் காபி ஒரு சுத்து உண்டா?"

வெண்டை முளைத்துவிட்டது. பின்பக்கம் வரிசையாக. வரப்பிலும் பதினொன்று. எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன். பதினொன்றுதான்.

லேபில் இன்று ஒருவருக்கு ஊசி குத்தும்போது, "கொஞ்சம் வலிக்கும், வேர் பிடிச்சதும் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டேன். அவர் பாவம் தலையாட்டினார்.

அக். 17, வெள்ளி

மழை. முதல் பெருமழை. மூன்று மணிக்குப் பிடித்தது, ஆறு மணிக்குத்தான் விட்டது.

வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், தோட்டம் முழுக்கத் தண்ணீர், கணுக்கால் அளவு, நாலு மூலையும் ஒரே மட்டம். சொட்டு வெளியே போகவில்லை. என்ன அழகு. நான் கடைமடை ஊரில் பிறந்தவள். வாய்க்காலில் தண்ணீர் எங்களுக்கு வந்து சேருவதற்குள் மேலே உள்ளவர்கள் எல்லாம் குடித்து முடித்திருப்பார்கள். வந்ததைப் பிடித்து வை, ஒரு சொட்டும் விடாதே. இதைத்தான் எழுத்துக்கு முன்னால் படித்தேன்.

ஈசானி மூலையில் சலசல என்று சத்தம். நண்டு வளை. தண்ணீர் அந்த வழியாகத் தெருவோர வடிகாலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையால் சேறு அள்ளி அடைத்து, குதிகாலால் மிதித்தேன். நின்றது. வெற்றி.

ஷைனிக்கு வீடியோ அனுப்பினேன். பதில்: "அம்மா இது கார்டனா, ஏரியா?" பொறாமை.

அக். 22, புதன்

மூன்று நாளாக விடாத மழை. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டார் கொடுத்த அதிரசம் நமுத்துப்போயிற்று. துணி காயவில்லை. இவர் மில்லில் இருந்து வந்ததும் ஈர பனியனோடு ஃபேனுக்குக் கீழே.

காலையில் ஒரு வேடிக்கை. க.மூ. அண்ணன் தன் வயல் வரப்பைத் தானே வெட்டித் தண்ணீரை வெளியே விட்டுக்கொண்டிருந்தார். நட்டு ஒரு மாசம் ஆகாத சம்பா. எனக்குப் பதறியது. குடையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

"என்னண்ணே, தண்ணிய வுடுறீங்க?"

"பயிர் மூழ்கிக் கெடக்குல்ல. நெல்லுக்கே மூச்சு முட்டுது தங்கச்சி." என் தோட்டத்தைப் பார்த்தார். "ஒன் ரோசா எப்பிடி இருக்கு?"

"சூப்பரா இருக்குண்ணே."

திரும்பி வந்து பார்த்தேன். சூப்பர் இல்லை. கீழ் இலை இரண்டு வெளுத்திருக்கிறது. குளிராக இருக்கும்.

அக். 24, வெள்ளி

குளிர் இல்லை.

ரோஜா நாலும் மஞ்சள். எலுமிச்சை இலையெல்லாம் தொங்கிவிட்டது. முல்லையில் ஒன்று கறுத்துப்போயிற்று. பின்பக்கத்து வெண்டை மூன்று வரிசையும் அடியில் அழுகிச் சாய்ந்து கிடக்கிறது. ஒன்றைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. பண்டிகைக்கு இன்னும் முப்பதே நாள்.

வாளியால் தண்ணீர் இறைத்துப் பார்த்தேன். இறைக்க இறைக்க மழை. முட்டாள்தனம் என்று தெரிந்தேதான் ஒரு மணி நேரம் இறைத்தேன். பிறகு சமையலறைக்குப் போய் வெங்காயம் உரித்தேன், அழுவதற்கு ஒரு சாக்கு வேண்டுமே.

இவர்: "தண்ணி ஊத்தி ஊத்திக் கெடுத்துட்டியோ?"

"நான் எங்க ஊத்தினேன்? வானம் ஊத்துது."

இவர் வாளியை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

அக். 26, ஞாயிறு

தூறல். சர்ச்சுக்குப் போகிற வழியிலேயே நர்சரி. ஒரு ரோஜாவை வேரோடு பிடுங்கி பிளாஸ்டிக் பையில் கொண்டுபோனேன், பேஷண்ட் சாம்பிள் கொண்டுவருகிற மாதிரி.

பா.அ. வேரை முகர்ந்து பார்த்தார். என் மூக்குக்கும் நீட்டினார். சாக்கடை நாற்றம்.

"வேர் மூச்சு வுடணும் லேப்பம்மா. ரோசாவுக்குக் கால் நனையலாம். கால் ஊறக் கூடாது. ஒங்க எடத்துல தண்ணி வடியலையா?"

"வடியாதுக்கா. நல்ல வரப்பு."

"என்னது?"

"சுத்தி வரப்பு. முழங்கால் உசரம். நண்டு வளை ஒண்ணு இருந்துச்சு, அதையும் அடைச்சிட்டேன்."

பா.அ. என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "பூச்செடிக்கு வரப்புக் கட்டினது இந்த ஜில்லாவுலதான் நடக்கும். போன வருசம் ஒரு வாத்தியார் இதே மாதிரி கட்டி நாப்பது ரோசாவ முழுங்கினாரு. வெட்டி வுடுங்க. இன்னைக்கே."

எனக்கு அப்போதுதான் எல்லாம் உறைத்தது. சம்பாவா என்று க.மூ. கேட்டது பாராட்டே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மண்வெட்டி. வரப்புக்கு வெளியே தாழ்வான இடம் ஈசானி மூலை ஒன்றுதான், அங்கே வெட்டினால்தான் வடிகாலுக்குப் போகும். போய் நின்றால் அந்த மூலை வரப்பில் வெண்டை நாலு. தோட்டத்தில் வெண்டை என்று உயிரோடு இருப்பதே வரப்பின் மேல் இருக்கிற பதினொன்றுதான், மேட்டில் இருந்ததால் பிழைத்தவை. ஒரு சாண் உயரம், நல்ல கரும்பச்சை.

இவர் பின்னாலேயே வந்தார். "வேற எடத்துல வெட்டேன்."

"வேற எடத்துல வெளிய மேடு."

"அப்ப நான் வெட்டறேன்."

"வேணாம். கட்டினவ நான்."

நாலையும் பிடுங்கினேன். பிடுங்கிப் பக்கத்தில் வரிசையாக வைத்தேன், ஏன் என்று தெரியவில்லை. பிறகு மூன்று போடு. வரப்பு வாயைத் திறந்தது, தண்ணீர் பழுப்பாகச் சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. கிடைத்த தண்ணீரைப் போ என்று சொன்னது பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. திரும்ப அடைத்துவிடுவேனோ என்று பயந்து மண்வெட்டியை இவர் கையில் கொடுத்துவிட்டேன்.

சர்ச்சுக்குப் போகவில்லை.

நவ. 1, சனி

வெயில் எட்டிப்பார்த்தது. மனசும்.

செத்தது: ரோஜா 3, முல்லை 1, எலுமிச்சை, காகிதப்பூ, இட்லிப்பூ 2, வெண்டை பின்பக்கம் முழுவதும்.
பிழைத்தது: ரோஜா 1 (சந்தேகம்), செம்பருத்தி 2, நந்தியாவட்டை, முல்லை 1, கொய்யா, கறிவேப்பிலை, இட்லிப்பூ 4. வரப்பு வெண்டை 7.

காலையிலிருந்து பாத்தி உயர்த்தினோம். நடைபாதை என்று நினைத்த இடத்தையெல்லாம் ஒரு சாண் தோண்டி, அந்த மண்ணை இரண்டு பக்கமும் ஏற்றி மேட்டுப் பாத்தி. நடக்கிற வழியே தண்ணீர் ஓடுகிற வழி. எல்லாம் வளைந்து ஈசானி மூலைக்கு. மேலே மாடியில் ஏறி நின்று பார்த்தேன். அடடா. சதுரமாகப் பாத்தி கட்டியபோது வயல் மாதிரி இருந்தது, இப்போதுதான் தோட்டம் மாதிரி இருக்கிறது. ஷைனிக்குப் போட்டோ. "அம்மா!! இது டிசைனு." ஆச்சரியக்குறி இரண்டு. அவளிடம் வாங்குவது லேசில்லை.

மூலையில் எப்படியும் ஈரம் நிற்கும். அங்கே எதை வைப்பது? போனில் பா.அ.: "ஈரத்தோட சண்டை போடாதீங்க. ஈரத்துக்குப் பொறந்தத வைங்க." கல்வாழை, மஞ்சளும் சிவப்பும், ஆறு கிழங்கு கொடுத்தனுப்பினார். சேம்பு க.மூ. வயலோரத்தில் கிடக்கிறது, நாலு பிடுங்கிக்கொள்ளச் சொன்னார். ரோஜாவும் எலுமிச்சையும் தை பிறந்து மழை ஓய்ந்த பிறகு. காகிதப்பூ பங்குனியில், சட்டியில்.

பண்டிகைக்கு இருபத்திரண்டு நாள். மேட்டுப் பாத்தியில் முளைக்கீரை தூவினேன். கீரை வந்தால் கீரை, வெண்டை வந்தால் வெண்டை. இரண்டும் வந்தால் தட்டு கொள்ளாது.

க.மூ. எட்டிப்பார்த்து: "இப்ப என்ன தங்கச்சி, கரும்பா?"

இந்தத் தடவை நானும் சிரித்தேன்.

நவ. 10, திங்கள்

காலை ஆறேகால். வெண்டை பூத்துவிட்டது.

ஒரே ஒரு பூ. வெளிர் மஞ்சள், நடுவில் கருஞ்சிவப்பு. எத்தனை வயலில் எத்தனை பூ பார்த்திருக்கிறேன், எல்லாம் யாரோ வீட்டுப் பூ. இவரை எழுப்பி இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். "ம். நல்லாருக்கு. பல்லு வெளக்கிட்டு வரேன்." வந்தவர் என்னைவிட அதிக நேரம் நின்றார்.

லேபுக்குப் பத்து நிமிஷம் லேட். காரணம் கேட்டார்கள். பஸ் என்றேன்.

நவ. 15, சனி

ஏழு செடியிலும் பூ, பிஞ்சு. முதல் காய் விரல் நீளம். தொட்டால் சுணை குத்துகிறது, அதுவும் பிடித்திருக்கிறது.

இவர்: "நாலு பறிச்சா இன்னைக்குச் சாம்பார்ல போடலாம்."

"தொட்டா கையை வெட்டுவேன்."

"இது வெண்டைக்கா, எஸ்தரு. தங்கமில்ல."

இருபத்து மூன்றாம் தேதி வரைக்கும் ஒரு காய் பறிக்கக் கூடாது. அப்போதுதான் தட்டு நிறையும். காயும் நன்றாகப் பெரிதாகட்டும்.

நவ. 19, புதன்

மறுபடி மழை. தண்ணீர் ஓடுகிறது, நிற்கவில்லை, பாத்தியெல்லாம் தலை தூக்கி நிற்கிறது. கல்வாழை குருத்து விட்டிருக்கிறது. ஆனால் கீரை போச்சு. நாற்றுப் பருவத்திலேயே மழை அடித்துச் சேற்றோடு சேர்த்துவிட்டது. ஆக, வெண்டை மட்டும்தான். ஏழு செடியை நம்பி ஒரு பெயர்.

முதல் காய் இப்போது ஒரு சாண். பார்க்கவே கம்பீரம். கடையில் இந்த அளவு கிடைக்காது.

நவ. 22, சனி

மேகமூட்டம். தட்டு துலக்கினேன். இரண்டு தடவை. புடவை, பச்சை. ஷைனி வந்திருக்கிறாள், பண்டிகைக்காக இல்லையாம், துணி துவைக்கவாம். வந்ததும் நேரே தோட்டத்துக்குத்தான் போனாள்.

உபதேசியாரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கணுமா? நெல் மூட்டைக்காரர்கள் சொல்லிவைப்பார்கள். வெண்டைக்காய்க்குப் போய் என்ன சொல்வது என்று விட்டுவிட்டேன். வைத்தால் பார்ப்பார்.

நவ. 23, ஞாயிறு

சாயங்காலம் எழுதுகிறேன். வரிசையாக எழுதணும், ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

காலை ஐந்தரைக்குப் பறித்தேன். பதினெட்டு காய். நாலை மட்டும் செடியிலேயே விட்டேன். தட்டைப் பீடத்தின் முன் வைத்தேன். ஒரு பக்கம் நெல் மூட்டை, இன்னொரு பக்கம் வாழைத்தார், பூசணி, இளநீர்க் குலை. நடுவில் என் தட்டு சின்னதுதான். பரவாயில்லை.

பாட்டு, ஜெபம், பிரசங்கம். பாஸ்டர் என்ன பேசினார் என்று கேட்டால் தெரியாது. பிறகு உபதேசியார் எழுந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். நெல் இன்னார். நெல் இன்னார். வாழை இன்னார். பூசணி. இளநீர். தாளைத் திருப்பினார். மூச்சு இழுத்தார்.

"மற்றும் சபையார்."

தாளை மடிக்க ஆரம்பித்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை, காலையில் சொன்னவர்கள் பெயரைத்தானே எழுதியிருப்பார். இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அப்போது ஒன்றும் தோன்றவில்லை. நான் எழுந்து நின்றிருந்தேன். இவர் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

"ஐயா, வெண்டைக்கா விட்டுப்போச்சுங்க."

சர்ச் முழுவதும் திரும்பியது. உபதேசியார் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "யாரும்மா வெண்டைக்கா?"

"எங்க வீடுங்க. எங்க மண்ணுல வெளஞ்சது."

அவர் பீடத்தருகே போய்த் தட்டைக் குனிந்து பார்த்தார். திரும்பி வந்தார். பையிலிருந்து பேனா எடுத்தார். தாளைப் பிரித்து, பலகை மேல் வைத்து, நிதானமாக எழுதினார். அத்தனை பேரும் காத்திருந்தார்கள். பிறகு, நெல் மூட்டைக்கு வாசித்த அதே குரலில்:

"அருள், எஸ்தர் குடும்பம். வெண்டைக்காய்."

உட்கார்ந்தேன். அழுதேன். வெங்காயம் இல்லை, ஒன்றும் இல்லை, எல்லோரும் பார்க்க அழுதேன். ஷைனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் காது வரைக்கும் சிரிப்பு.

முடிந்ததும் காய்கறியெல்லாம் சபைக்கே பொதுவான அசனச் சாப்பாட்டுச் சமையலுக்குப் போனது. பெண்கள் உட்கார்ந்து நறுக்கினோம். சபைச் சிநேகிதி ஜெயா என் தட்டை இழுத்து, ஒரு காயின் நுனியை ஒடித்தாள். ஒடியவில்லை. வளைந்தது. அடுத்தது. அதுவும் வளைந்தது.

"எஸ்தரு, இது வெண்டைக்காயா, வெறகா?"

பதினெட்டில் பன்னிரண்டு முற்றல். பதினைந்தாம் தேதியிலிருந்து பறிக்காமல் காவல் காத்தேன் என்று சொன்னேன். அவ்வளவுதான், சிரிப்பு அடங்க அரை மணி. நானும்தான் சிரித்தேன், வயிறு வலிக்க. பிஞ்சாக இருந்த ஆறு மட்டும் சாம்பாரில் போயிற்று. முந்நூறு பேர் சாம்பாரில் ஆறு வெண்டை. என் இலைக்கு ஒரு துண்டு வந்தது, சத்தியமாக.

கை கழுவும்போது ஜெயா பக்கத்தில் வந்தாள். குரலைத் தாழ்த்தி, "முத்தினதுல வெதை எடுக்கலாமா? எங்க வாசல்ல ஒரு பெயிண்ட் வாளி சும்மா கெடக்கு."

"பறிச்சதுல வராது. செடியிலயே காயணும். நாலு காய் விட்டிருக்கேன். காஞ்சதும் தரேன்."

"எனக்கு முதல்ல."

நவ. 24, திங்கள்

மழை இல்லை. பாத்தி காய்ந்து வருகிறது. லேபில் கூட்டம்.

காலையில் விதைக்கு விட்ட நாலு காயிலும் சிவப்பு நூல் கட்டினேன், இவர் தெரியாமல் பறித்துவிடக் கூடாது. புதுப் பிஞ்சு ஐந்து, சாயங்காலம் பறித்தேன், பொரியல். விரல் பட்டதும் ஒடிந்தது. இவர் மூன்று தடவை போட்டுக்கொண்டார்.

விதை கேட்டவர்கள், மறக்காமல் இருக்க:

ஜெயா. பெயிண்ட் வாளி.
புஷ்பா, சத்துணவு சமைக்கிறவள். மொட்டை மாடி, சிமென்ட் சாக்கு. தண்ணீர் வடிய அடியில் ஓட்டை போடச் சொல்லணும். என்னைப் போல் செய்துவிடப் போகிறாள்.
மேரி அக்கா. கழிவறைச் சுவர் ஓரம் நாலடி, வெயில் உண்டு.
ஆட்டோ சாமுவேல். இடம் இல்லை, இருந்தாலும் வேணுமாம்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் உபதேசியார். என்னைப் பார்த்துச் சைக்கிளை விட்டு இறங்கினார். நேற்றைக்காக மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்து, "பரவால்லீங்க ஐயா" என்று முந்திக்கொண்டேன். அது இல்லை. கொஞ்சம் தயங்கினார்.

"வெதை இருக்குன்னு சொன்னாங்களேம்மா. சர்ச் குவார்ட்டர்ஸ் பின்னால ஒரு துண்டு எடம். பாஸ்டரய்யா வெச்சுக்கச் சொல்லிட்டாரு."

இருபது வருஷமாகப் பட்டியல் வாசிக்கிறவர். அவர் வீட்டுப் பெயர் ஒரு தடவையாவது அதில் வந்து நான் கேட்டதே இல்லை. இத்தனை வருஷத்தில் எனக்கு இது தோன்றவும் இல்லை.

உபதேசியார் வீடு. ஒரு முழுக் காய்.